சர்வேயர் ஸ்டான்லி மறைத்து உருட்டிய கட்டை

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் ஆபீஸ் போன் அடித்தது. பனச்சமூட்டில் பேக்கரி வைத்திருக்கும் ஜஸ்டின். "மணியண்ணா, ஸ்டான்லி அண்ணன் போயாச்சு" என்றான். எந்த ஸ்டான்லி என்று கேட்டேன். "நம்ம சர்வேயராக்கும். நெஞ்சுவலி." யார் சொன்னது, நீ நேரில் பார்த்தாயா என்று கேட்டேன். "அவருக்க வீட்டுல நிண்ணாக்கும் பேசுதேன் அண்ணா" என்று அழுதான். போனை வைத்துவிட்டு விமலா டீச்சரையும் கூப்பிட்டு ஒருமுறை உறுதி செய்துகொண்டேன். இருபத்தைந்து வருடமாக ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதிப் பிழைக்கிறவன் நான். நாலு எல்லையும் சரிபார்க்காமல் ஒரு சென்ட் நிலத்தை நம்பமாட்டேன். சாவுச் செய்திக்கும் இரண்டு சாட்சி கேட்கிற பாவி என்று நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உங்களில் பலருக்கு அவர் நிலம் அளக்கிறவர். பாறசாலையிலும் செங்கலிலும் வரப்புத் தகராறு என்றால் இரண்டு கட்சிக்காரரும் சண்டையை நிறுத்திவிட்டு ஸ்டான்லியைக் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் ஒரு விளையாட்டின் நடுவர். தொண்ணூற்று மூன்றில் அவருடைய மைத்துனர் வளைகுடாவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே மெலிந்த ஒரு ஆங்கிலப் புத்தகமும் பல முகங்கள் கொண்ட பகடைகளும். பலகை இல்லை, காய் இல்லை. ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ திருடனையோ மனதில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். நடுவர் ஒரு பாதாளக் கோட்டையை விவரிப்பார். அதற்குள் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் சாப்பாடும் முடிந்து இரண்டு மணிக்கு ஜஸ்டினின் பேக்கரி மாடியில் கூடுவோம். ஸ்டான்லி, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் விமலா டீச்சர், ஜஸ்டின், நான். இதில் ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதல் நாளே தேடத் தொடங்கியவன் நான் ஒருவன்தான்.

மழைக்காலத்தில் அந்தப் புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் ஒட்டிப் போய்விட்டன. மிச்சத்தை ஸ்டான்லி தானே வகுத்து, நிலம் அளக்கிற நோட்டில் பென்சிலால் எழுதினார். அதற்கு வீட்டு நியமம் என்று பெயர். நம் ஆளுக்குப் பலம், கூர்மை, வேகம் என்று ஆறு திறமைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சுவர் ஏற வேண்டுமா, இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். நாங்கள் அதைக் கட்டை என்போம். திறமையின் எண்ணுக்குள் விழுந்தால் ஏறிவிட்டாய், மீறினால் விழுந்தாய். ஆனால் ஸ்டான்லியின் முதல் நியமம் வேறு. "எப்பிடிச் செய்யுதேண்ணு முதல்ல சொல்லு. சொன்னது சரியா இருந்தா கட்டை எதுக்கு?" என்பார். ஒரு தடவை பாழுங்கிணறு ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தது. டீச்சர், இரண்டு பாக்குமரத் தடிகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு முனையில் கல்லேற்றி, தவழ்ந்து போகிறேன் என்றார். ஸ்டான்லி கட்டையைத் தொடாமலே அவரை அக்கரை சேர்த்தார். நானும் சொன்னேனே, எனக்கு மட்டும் ஏன் கட்டை என்று எகிறினேன். "நீ சொன்னது ஆதாரம் மாதிரி இருந்து மக்கா. கிணத்துக்க நாலு எல்லையும் சொன்ன. எப்பிடித் தாண்டுதேண்ணு மட்டும் சொல்லல்ல" என்றார். டீச்சர் சிரித்த சிரிப்பில் எனக்கு முகமே கறுத்துவிட்டது.

இரண்டாவது நியமம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒட்டுக்கேட்பது, பொறி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, எதிரே நிற்பவன் பொய் சொல்கிறானா என்று ஊகிப்பது, இதற்கெல்லாம் கட்டையை நாம் உருட்டக் கூடாது. நடுவர் நோட்டை நிறுத்தி மறைத்துக்கொண்டு தானே உருட்டுவார். ஏன் என்று கேட்டேன். "கதவுல காது வச்சு நீ கேக்குத. ஒண்ணும் கேக்கல்ல. உள்ள ஆளில்லியா, இல்ல உனக்க காது சரியில்லியா? அது உனக்குத் தெரியப்பிடாது. அதாக்கும் பயம்" என்றார். எனக்குப் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அவர் "ஒண்ணும் கேக்கல்ல" என்று சொல்லும்போது அவருடைய கண்ணையும் மீசையையும் பார்த்தே நான் மெலிந்தேன்.

பிறகு சந்தேகம் ஜஸ்டின் மேல் திரும்பியது. அவன் ஸ்டான்லியின் வலது பக்கம் உட்கார்வான். நோட்டுக்குப் பின்னால் விழும் எண்ணை எட்டிப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. தொண்ணூற்று நான்கில் ஒரு நாள் ஸ்டான்லியைத் தனியே பிடித்துச் சொன்னேன். "சின்னப் பயலாக்கும், விட்டுரு" என்றார். நான் விடுவேனா? மறைத்து உருட்டும்போது மட்டும் நியமத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்றேன். பெரிய எண் விழுந்தால் வெற்றி, சின்ன எண் விழுந்தால் தோல்வி. இது நடுவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிய வேண்டும். எட்டிப் பார்க்கிறவன் ஏமாறட்டும். என் கைப்பட நிபந்தனையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நகல் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஸ்டான்லி தலையில் அடித்துக்கொண்டு, "எலே, நீ செத்தா குழிக்கும் நகல் எடுப்ப" என்றார். அதற்கப்புறம் அந்தக் கணக்கைப் போட்டது அவர் ஒருவர்தான். நான் கட்டையை ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்காததால் அந்த நியமத்தைச் சுத்தமாக மறந்தும் போனேன்.

தொண்ணூற்று ஆறில் அது நடந்தது. என் ஆள் ஒரு திருடன், பெயர் கொச்சப்பி. மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவன். செத்தால் செத்ததுதான் என்பது மூன்றாவது நியமம். ஒரு இரும்புக் கதவில் காதை வைக்கிறேன் என்றேன். ஸ்டான்லி நோட்டுக்குப் பின்னால் உருட்டினார். "ஒண்ணும் கேக்கல்ல" என்றார். கதவைத் திறந்தேன். உள்ளே ஆறு பேர் வேலோடு நின்றார்கள். இரண்டு நிமிடத்தில் கொச்சப்பி செத்தான். என் கை தானாகப் போய் நோட்டைத் தட்டிவிட்டது. கட்டை அப்படியே கிடந்தது, நான்கு. கொச்சப்பியின் கூர்மை பதின்மூன்று. "நாலு விழுந்திருக்கு! கேட்டிருக்கணும்லா? இது கள்ளக்களி, ஏமாத்து விளையாட்டு!" என்று கத்தினேன். ஜஸ்டினும் எழுந்து, "நானும் நெனச்சேன் அண்ணா" என்றான். ஸ்டான்லி என்னைப் பார்த்தார், ஜஸ்டினைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "செரி. இண்ணைக்கு நிறுத்துவோம்" என்றார். கட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடி, படியிறங்கிப் போனார். குற்றமுள்ளவன்தான் வாயடைத்துப் போவான் என்று நான் ஜஸ்டினிடம் சொன்னேன்.

அந்தச் சொல் மாடியோடு நிற்கவில்லை. பேக்கரிக்கு வந்தவர்களிடம் ஜஸ்டின் சிரித்துக்கொண்டே சொன்னான், என் ஆபீசுக்கு வந்தவர்களிடம் நான் சிரிக்காமல் சொன்னேன். திருப்புறத்தில் ஒரு வரப்பு வழக்கில் தோற்றவன், "களியிலேயே கள்ளம் காட்டுதவன் நிலம் அளக்குத சங்கிலியில காட்டமாட்டானா?" என்று கேட்டதாக என் காதுக்கே வந்தது. வேறு சர்வேயரைக் கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள். அவரைக் கூப்பிட்டவர்களும் அவர் அளந்து முடித்த பிறகு, இன்னொருவரைக் கொண்டு மறுபடி அளந்து பார்த்தார்கள். வித்தியாசம் ஒரு விரல்கூட வந்ததில்லை. இருந்தாலும் அளந்து பார்த்தார்கள்.

போன வருடம் பழைய கட்டுகளை அவிழ்த்தபோது அந்த நகல் என் மடியில் விழுந்தது. என் எழுத்து, என் கையெழுத்து, என் நிபந்தனை. தலைகீழ் நியமப்படி நான்கு என்றால் தோல்வி. கொச்சப்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஸ்டான்லி சொன்னது நேர். உடனே ஓடிப்போய்க் காலில் விழுந்திருந்தால் நான் மனிதன். ஆனால் என் புத்தி போன வழியைப் பாருங்கள்: அசல் அவரிடம் இருக்கிறதே, ஏன் இதுவரை யாரிடமும் காட்டவில்லை? எதற்காகக் காத்திருக்கிறார்? நான் போய் ஒப்புக்கொண்டால் ஊரைக் கூட்டிக் காட்டுவாரோ? இந்த யோசனையிலேயே ஒரு வருடத்தைத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஜஸ்டின் என் பக்கத்தில் நின்றான். "நல்ல மனுஷன் அண்ணா. அந்தக் களியில மட்டும் கொஞ்சம் கள்ளம் உண்டு, இல்லியா?" என்றான், பாசத்தோடுதான். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவனை மதில் ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைச் சந்தேகப்பட்டு நான்தான் அந்த நியமத்தை எழுதினேன், உன்னை எண்ணித்தான் அவர் வாய் திறக்கவில்லை என்றேன். அவன் என் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"நான் எட்டிப் பாக்கியது உண்டு அண்ணா" என்றான். "சின்ன நம்பர் விழும், அவரு ஒண்ணும் கேக்கல்லேம்பாரு. ரெண்டு வருஷமா அவரு கள்ளக்களி களிக்காருண்ணாக்கும் நான் நெனச்சது. கேட்டா நான் பாத்தது வெளிய வரும்லா?"

இரண்டு வருடமும் அவன் முகம் மாறுவதை ஸ்டான்லி பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவன் திருட்டுத்தனம் அவருக்குத் தெரியும், என் நிபந்தனையும் தெரியும். ஒன்றைச் சொன்னால் மற்றது வெளிவரும். இரண்டு பேரையும் காப்பாற்றித் தன் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டார்.

"அப்ப அவரு நேராத்தான் களிச்சாரா?" என்று ஜஸ்டின் கேட்டான். நேராகத்தான் என்றேன். "நகலு கெடச்சு ஒரு வருஷம் ஆச்சுல்லா அண்ணா, அவருட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா?" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஸ்டான்லி கள்ளக்களி களித்தார் என்று பனச்சமூட்டிலோ பாறசாலையிலோ யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது என் வாயிலிருந்து புறப்பட்டது, பொய். உங்கள் நிலத்தை அவர் அளந்திருந்தால் அந்த அளவு சரி. இறந்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்கிற வழக்கத்துக்காக இதை எழுதுகிறேன் என்று சந்தேகப்பட்டால், என் ஆபீசுக்கு வாருங்கள், நகலைக் காட்டுகிறேன்.

சண்டைக்குப் பிறகு அவர் சாகும்வரை வந்த மூன்று வருடங்களில் பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பட்டபோதெல்லாம் அவர், "சுகம்தானே மக்கா?" என்று கேட்பார். இதற்குள் என்ன வைத்திருக்கிறார் என்று யோசித்தபடியே நான் பஸ் ஏறிவிடுவேன். உள்ளே ஒன்றும் இல்லை. சுகமா என்றுதான் கேட்டிருக்கிறார். அவரிடமிருந்து என் கையில் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி. ஒரு தடவைகூட நான் பதில் சொல்லவில்லை.