பழனிசாமி நிரப்பிய நாற்காலிகள்

ஆள் இல்லாத இடத்தில் ஆள் காட்டுவதில் பழனிசாமியை மிஞ்ச ஒருவர் பிறந்துதான் வரவேண்டும். கொங்குப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் டீன் அலுவலகத்தில் பதினான்கு வருடம் கிளார்க்காக இருந்தவர். மேற்படிப்புக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால், டீன் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். துறையில் ஏழு பேராசிரியர்கள் இருக்க வேண்டும். இருப்பதோ மூன்று பேர். மிச்ச நான்கு பேர் வேறு ஊர்க் கல்லூரிகளிலிருந்து அவசர மாறுதல் உத்தரவோடு வேனில் வந்து இறங்குவார்கள். ஆய்வு முடிந்ததும் அதே வேனில் திரும்பிவிடுவார்கள்.

வந்தவர்களுக்குப் பழனிசாமி முதலில் காட்டுவது கழிப்பறையை. சிரிக்காதீர்கள், சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. வருடக்கணக்காக இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்கிற பேராசிரியர், கழிப்பறைக்கு வழி கேட்டு நின்றால் மானம் கப்பலேறிவிடாதா? அவர் இருந்தவரை அந்தக் கல்லூரிக்கு ஒரு தடவைகூட அங்கீகாரம் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மனைவி விமலாவுக்கு சிட்னியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது அவரும் கூடவே வந்தார். இரண்டு வருடம் கிடங்கில் பெட்டி தூக்கினார். பிறகு மேற்கு சிட்னியின் அரசு மருத்துவமனை ஒன்றில், மயக்க மருந்துத் துறையில் ரோஸ்டர் போடுகிற வேலை. எந்த ஆபரேஷன் தியேட்டரில் எந்த டாக்டர், யார் லீவு, யாருக்குப் பதில் யார், எல்லாம் விரல் நுனியில். அச்சடித்த ரோஸ்டர் சுவரில் தொங்கும். அன்றைக்கு உண்மையில் யார் வந்தார்கள் என்பதைத் தனியாக ஒரு நீல நோட்டில் எழுதிவைப்பார். கிளார்க் புத்தி, எங்கே போகும்?

அந்தத் துறையில் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தவர் டாக்டர் பிரியந்தினி. யாழ்ப்பாணத்துக்காரி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு குவேக்கர்ஸ் ஹில்லில் பழனிசாமி வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தார். காலையில் இவர் காரில்தான் இருவரும் வேலைக்குப் போவார்கள். பரீட்சையெல்லாம் பாஸ். அங்கீகாரம் உள்ள துறையில் இன்னும் ஆறே மாதம் வேலை பார்த்தால் முழு நிபுணராகிவிடலாம். விசாவும் அந்த வேலையோடு கட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்தா துறை காலியாக வேண்டும்? ஒன்பது நிபுணர்களில் நான்கு பேர் ஒரே வருடத்தில் விலகினார்கள். விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லை. பயிற்சியை அங்கீகரிக்கும் குழுவிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வருவதாகக் கடிதம் வேறு வந்தது. அங்கீகாரம் போனால் பிரியந்தினியின் ஆறு மாதமும் போச்சு. தலைமை மருத்துவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பழனிசாமி உட்காரவில்லை. ஓய்வு பெற்ற இரண்டு டாக்டர்களையும், எப்போதாவது வந்துபோகிற இரண்டு பேரையும் போனில் பிடித்து, அந்த ஒரு நாள் வரச் சம்மதம் வாங்கினார். அவர்கள் பெயரைச் சேர்த்து மூன்று மாதத்துக்குப் புது ரோஸ்டர் அடித்தார். தலைமை மருத்துவர் அதைப் பார்த்தும் பாராதவர்போல் நகர்ந்துகொண்டார். குழு வருகிற காலையில், காரில் போகும்போது பழனிசாமி விஷயத்தை உடைத்தார்.

"டாக்டரம்மா, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. ஒம்பது நாற்காலியிலயும் இன்னைக்கு ஆள் இருக்கும். நானாச்சுங்க!"

பிரியந்தினி கேட்டார்: "அந்த ஆக்கள் நாளைக்கும் வருவினமோ, அண்ணா?"

"நாளைக்கு எதுக்குங்க?" என்று பழனிசாமி சிரித்தார். பிரியந்தினி சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். வரவழைத்த நால்வருக்கும் அதற்குள் கழிப்பறை காட்டியாயிற்று. எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் இந்த ஊர் வழக்கம் ஒன்று பழனிசாமி கணக்கில் வரவில்லை. பயிற்சி டாக்டரைத் தனியறையில் உட்காரவைத்து, மேலதிகாரி யாரும் இல்லாமல் கேட்பார்களாம்! ஊரில் மாணவனை யார் கேட்டார்கள்? அரை மணி கழித்து அறைக்கதவு திறந்தது. ரோஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். பழனிசாமி புது ரோஸ்டரைப் பவ்யமாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

பிரியந்தினி அதைத் தொடவில்லை. "அண்ணா, உங்கட நீலக் கொப்பியைக் கொண்டு வாங்கோ," என்றார்.

பழனிசாமி அவர் பக்கம் குனிந்தார். ஆய்வாளர்களுக்குத் தமிழ் தெரியாதது கடவுள் புண்ணியம். "டாக்டரம்மா, உங்க ஆறு மாசம் போயிருமுங்க. விசாவும் போயிரும். பாப்பாவோட படிப்பை நெனச்சுப் பாருங்க!"

"ஓம், தெரியும்." பிரியந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன மாசம் நாலு வயசுப் பிள்ளை ஒண்டை நான் தனிய மயக்கினனான். மூச்சுக்குப் போடுற குழாய் உள்ளுக்கு இறங்கேல்லை. உதவிக்குக் கூப்பிட்டு ஆள் வர இருபது நிமிசம். என்ர கைக்கு அண்டைக்கு எப்பிடியோ சரிவந்திட்டுது. எனக்குப் பிறகு இந்த இடத்துக்கு வாற டொக்டருக்கும் சரிவரும் எண்டு நீங்கள் எழுதித் தருவியளோ?"

பழனிசாமிக்கு ஊர்க் கல்லூரி நினைவுக்கு வந்தது. பதினான்கு வருடம், எத்தனை வேன்கள்! அவை திரும்பிப் போன மறுநாள் காலை அந்த வார்டில் எந்தப் பயிற்சி டாக்டர் தனியாக நின்றார், எந்தப் பிள்ளை படுத்திருந்தது என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா? தன் பிழைப்பையே மேசையில் வைத்துவிட்டு ஒரு பெண் இப்படி நிமிர்ந்து உட்கார முடியுமா? கும்பிடவேண்டும்போல் இருந்தது அவருக்கு. போய் நீல நோட்டை எடுத்துவந்து ஆய்வாளர்களிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

முடிவு சினிமாவில் வருகிற மாதிரி வரவில்லை. துறையின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தார்கள். ஆள் நிரப்பாமல் பயிற்சிக்கு யாரையும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. பொய் ரோஸ்டருக்காகப் பழனிசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவர் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பயிற்சி இடம் போனதால் பிரியந்தினி நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தார். விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மெல்பர்னில் ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டது. அந்த ஊர்ப் புறநகரான ட்ருகனினாவில் வாடகை வீடு. கடைசி ஆறு மாதத்தை அங்கே முதல் நாளிலிருந்து தொடங்கினார். புறப்பட்ட அன்றைக்கு விமலா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் பழனிசாமிதான் காரில் ஏற்றிவிட்டார். "போட்டு வாறன் அண்ணா," என்று பிரியந்தினி விடைபெற்றுப் போனார்.

அங்கீகாரம் போன அவமானம் மேலிடத்தை உசுப்பியிருக்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டி, ஊர் ஊராகத் தேடி, ஒரு வருடத்துக்குள் நான்கு நிபுணர்களை நிரந்தரமாகப் போட்டார்கள். நான்காமவர் வேலையில் சேர்ந்த காலையில் பழனிசாமி அவரைத் தியேட்டர், ஓய்வறை, மருந்து அலமாரி எல்லாம் சுற்றிக் காட்டினார். பழக்கதோஷம், கழிப்பறையையும் காட்டினார். காட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"நாளைக்கும் வருவீங்கதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மனிதர் குழம்பிப்போய், "வேலையில் சேர்ந்திருக்கிறேனே, வராமல்?" என்றார்.

பழனிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இடத்துக்குத் திரும்பி, நீல நோட்டில் ஒன்பதாவது பெயரை எழுதினார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மெல்பர்னுக்கு அனுப்பினார். மறுநாள் காலையும் ஒன்பது பெயர் எழுதி, அதையும் அனுப்பினார்.