சாமித்தட்டில் இருந்த படம்

இதை எழுதுவோமா விடுவோமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். கொப்பியைத் திறப்பேன், முருகனை நினைத்துக்கொண்டு மூடிவிடுவேன். அவன் மன்னித்தாலும் என் மனம் மன்னிக்கவில்லை.

அறுபதுகளில் கப்பல் சமையல்காரனாக வந்து, ஹனோவரில் ஒரு முதியவரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். இளவயதில் சிப்பாயாகத் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர் அவர். அங்கே வைர மணல்வெளிகளுக்குச் சொந்தக்காரராகி, ஊர் திரும்பிப் பாராளுமன்றத்திலும் இருந்தவர். நான் போனபோது அவருக்குக் கால் விளங்காது. குளிப்பாட்டுவதும் சூப் பருக்குவதும் நான்தான். என் மனைவியைக் கூப்பிடப் பத்திரங்களில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான்.

ஒரு மத்தியானம் சூப் குடித்தபடி தானாகவே சொன்னார். கறுப்புத் தொழிலாளரைக் குப்புறப் படுக்கவைத்து மணலில் வைரம் பொறுக்கவிட்டார்களாம். விழுங்காதிருக்க வாயைக் கட்டினார்களாம். தாகத்தில் செத்தவர்களை, ரயில்பாதை முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, கற்குன்றின் பின்னால் புதைத்தார்களாம். பெயர் எழுதவில்லையாம். நான் அவருடைய வாயைத் துடைத்துவிட்டேன்.

அவர் இறந்ததும் மகள் அவருடைய படத்தைத் தந்தார். அதற்குச் சந்தனம் வைத்து, சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். செத்த ஆளைச் சாமியோடு வைக்கக் கூடாது என்று மனைவி தடுத்தாள். எங்களை வாழவைத்தவர் என்று அவளை அடக்கினேன். கற்குன்றின் கதை அவளுக்கும் தெரியும்.

எழுபதுகளில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்த ஒருவர் அந்தத் தென்மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்காரர். முப்பது வயதிருக்கும். பொங்கலுக்குக் கூப்பிட்டோம். சோற்றுக்குச் சீனி போடுகிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மனைவியைப் பகிடி பண்ணிக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பேச்சு அவருடைய ஊருக்குப் போனது. வைரம் பொறுக்கக் கொண்டுபோன பாட்டன் திரும்பவில்லையாம். புதைத்த இடத்தைத் தேடித் தேடியே தகப்பனும் கண்ணை மூடினாராம். இடம் தெரிந்தால் ஒரு கல்லாவது நட்டுவிடலாம் என்றார்.

அந்த இடம் எனக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். படம் எதிரே இருந்தது.

வெளிக்கிடும்போது அவரே படத்தைக் கண்டார்.

"இது ஆர், உங்கட ஆளோ?"

"ஓம், எனக்குத் தகப்பன் மாதிரி."

"என்ன செய்தவர்?"

"அரசியல்வாதி," என்றேன். பொய் இல்லை. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

அவர் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, மனைவி பொங்கல் படைத்துக் கும்பிட்டதைப் பார்த்துப் பழகியவர்போல, இரண்டு கையையும் கூப்பினார். எங்கள் வீட்டுக்குச் செய்த மரியாதை அது.

கதவு சாத்தியதும் மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அந்த மனிசனைக்கொண்டு ஆரைக் கும்பிடுவிச்சனீங்கள்?"

படத்தை உடனே தட்டிலிருந்து எடுத்தேன். திங்கட்கிழமை சொல்ல நினைத்தேன், ஏலவில்லை. அடுத்த கிழமையும் அப்படித்தான். பிறகு அவர் வேலையை விட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். விலாசம் கேட்கவும் எனக்கு முகம் இருக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் அந்த நாட்டு ஆட்கள் எவரையாவது சந்தித்தால், இதை அப்படியே சொல்லுங்கோ. என்னை நல்லவனாக்க ஒரு வரியும் சேர்க்க வேண்டாம். ரயில்பாதை முடிகிற இடம், தண்ணீர்த் தொட்டி, கிழக்கே கற்குன்று: இதில் ஒரு சொல்லும் மாறக் கூடாது.