பதறாமல் சொன்னவர்

உருத்திரமூர்த்தி அண்ணையைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவருடைய அகதிக் கேஸைக் கெடுத்தவன் நான். கெடுத்தவனே எழுதுவதுதான் மரியாதை.

1986 மாரியில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் ஒரு பழைய துணி ஆலைக் கட்டடத்தில் அகதிகளாய் வந்த எங்களை வைத்திருந்தார்கள். அறைக்கு நான்கு பேர். அண்ணைக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேலே. ஐம்பதை நெருங்கிய மனிதர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். வேலை செய்ய அனுமதியில்லாத எங்களுக்குப் பொழுதைப் போக்குவதே பெரும்பாடு. அவருக்கு அந்தப் பாடு இல்லை. காலையில் முகம் கழுவிவிட்டு வந்து கட்டிலில் சப்பாணி கட்டி உட்காருவார். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது நினைவு வந்தால் 'இது ஆருக்கு வருது?' என்று தன்னையே கேட்பார். 'எனக்கு' என்று பதில் வந்தால், 'அந்த நான் ஆர்?' என்பார். அவருக்குப் பூசையும் தேவாரமும் அதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணை, நீங்கள் ஆர் எண்டு ஜெர்மன்காரன் பைல் திறந்து வைச்சுத் தேடுறான். நீங்களுமோ?"

"அவன் தேடுறது பேரையும் ஊரையும், சோதி" என்று சிரிப்பார்.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். ஒரே மகன் புவனேந்திரன், பதினேழு வயது. ரியூசனுக்குப் போன வழியில் ஆமி சுட்டது. அண்ணை ஓடிப்போய் அவனை மடியில் வைத்துக்கொண்டு வாகனத்துக்குக் காத்திருந்தாராம். "ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்லை." கை நிற்கவேயில்லை, கிழங்கை உரித்துக்கொண்டேயிருந்தார்.

மனைவி புஷ்பராணி அக்கா ஊரில் தனியே இருந்தார். அண்ணையின் அன்ட்ராக்கை, அதுதான் அகதி விண்ணப்பத்தை, ஏற்றால்தான் அவரைக் கூப்பிடலாம். மகனையும் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் இருந்தது அந்த மனுசி.

அண்ணையின் விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. என்னுடைய விசாரணையில் நான் குழறி அழுது, திகதிகளை மாற்றிச் சொல்லி, முன்னுக்குப்பின் முரண் என்று நிராகரிப்பு வாங்கியிருந்தேன். அந்த அனுபவத்தில் பெரிய மனிதன்போலப் புத்தி சொன்னேன்.

"அங்கை போய் அழாதேங்கோ அண்ணை. நீங்கள் காலமை இருக்கிற மாதிரி மூச்சைப் பாத்துக்கொண்டு ஒண்டொண்டாய்ச் சொல்லுங்கோ."

"ஓம், அது எனக்கு ஏலும்" என்றார்.

அப்படியே சொன்னார். ஒரு திகதி பிசகவில்லை. கடிதம் நான்கு மாதத்தில் வந்தது. அகராதியை வைத்து நான்தான் வாசித்தேன். 'மகனின் மரணத்தை இவர் எந்தக் கலக்கமும் இன்றி, வேறொருவருக்கு நடந்ததைப்போலச் சொன்னார். நேரில் கண்ட தகப்பன் என்று நம்ப முடியவில்லை.' நிராகரிப்பு.

நான் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றாலும் அந்த அதிகாரியைத் திட்டினேன். அண்ணை அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறான், சோதி. நான் மூச்சைப் பாக்கிறன் எண்டு நினைச்சன். பிள்ளையைப் பாக்காமல் இருக்கிறதுக்குத்தான் அதைப் பாத்திருக்கிறன் போலை."

மறுநாள் காலை அவர் உட்காரவில்லை. யன்னலோரம் நின்று தேத்தண்ணீர் குடித்தார்.

வழக்கறிஞர் மேன்முறையீடு செய்தார். அடுத்த வருடம் நீதிமன்றத்துக்குப் போகிற அன்று, எங்கள் அறை நடேசன் வாசல்வரை வந்தான். "இந்தமுறை நல்லா அழுங்கோ அண்ணை. அழுகை வராட்டி வெங்காயம் உரிச்ச கையோடை போங்கோ" என்றான். அவனை அடிக்கப் போனேன். ஆனால் என் மனதிலும் அதுதான் இருந்தது.

நீதிபதிக்கு முன்னால் அண்ணை பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கினார். ரியூசன், வெடிச்சத்தம், ஓடியது. 'மடியிலை' என்றார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு பயங்கரமாக இருந்தது. மொழிபெயர்க்க வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பின்வரிசையில் இருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கேஸ் வென்றது என்று சந்தோசப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வெளியே பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தோம். அவர் முகம் வீங்கியிருந்தது.

"சோதி, அங்கை அழுதது ஆர்?"

"அண்ணை, விடுங்கோ."

"புவனேந்திரன்ரை அப்பாவோ? இல்லாட்டி அன்ட்ராக் போட்ட ஆளோ? அழுகை வரேக்கை, ஒருத்தன் உள்ளுக்கை நிண்டு நீதிபதியின்ரை முகத்தைப் பாத்தவன். நான் அவனைக் கண்டனான்."

"அப்பாதான் அழுதவர். சத்தியமாய் அப்பாதான்" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ சொல்லி நான் அதை நம்பேலாது, தம்பி" என்றார்.

மூன்று மாதத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. 1988இல் புஷ்பராணி அக்கா வந்தார். விமான நிலையத்தில் அக்கா அவருடைய நெஞ்சில் சாய்ந்து மகனின் பெயரைச் சொல்லிக் கதறினார். அண்ணை அவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.