வாசிக்காத பெயர்

திருப்பதியில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு வாசிக்கச் சொல்லித் தாளைக் கொடுத்தார்கள். "குடியால் தவிக்கும் சூசையின் குடும்பத்துக்காக" என்ற வரியை மறுபடி மறுபடி பார்த்தேன்.

நகரியில் எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அப்பா, நைனாவின் பெயரையும் பூசையில் இப்படித்தான் வாசித்தார்கள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று என் தோழியும் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மதியம் பங்குப் பெண்கள் அரிசியோடு வந்தபோது கதவை மறித்து நின்றேன்.

"குடிக்கிறது அவரு, பட்டினி கெடக்கிறது நாம. வாங்கு" என்றாள் அம்மா.

வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

இன்று பெயரை விட்டுவிட்டு, "ஒரு குடும்பத்துக்காக" என்று வாசித்தேன். பூசை முடிந்தும் மனம் நிலைகொள்ளாமல், அரிசி வாங்கிக்கொண்டு நானே சூசை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம், "பேரைப் படிக்கலம்மா, கவலைப்படாதே" என்றேன்.

"படிக்கச் சொல்லி எழுதிக் குடுத்ததே நான்தான்க்கா" என்றாள் அவள்.