நேர்மூலை இல்லாத வீடு

அக்காள் புருஷன் மேல் அவளுக்கு இருந்தது சாதாரணக் கோபமில்லை. ஏழு வருஷம் அடைகாத்த கோபம். கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவள் அவள். தனியாக ஆபீஸ் திறந்த புதிதில், அத்தான் தன் மூன்று மாடிக் கடைக்கு வரைபடம் கேட்டு வந்தார். சரிவான நிலம், கோணல் மனை, அடியில் கார் நிறுத்தும் தளம், லிப்ட் வேறு. ஒவ்வொரு தூணையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கண் பூத்துப்போனாள். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்பதுதான் இந்தத் தொழிலில் பீஸ். வெறும் குடோனுக்குக் குறைவு. கட்டடத்தில் சிக்கல் ஏற ஏறச் சதவீதமும் ஏறும். அத்தானோ குடோனுக்கு உரிய பீஸைத்தான் நீட்டினார். அதையாவது வாயை மூடிக்கொண்டு கொடுத்தாரா? சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "நாலு கோடு இழுக்கறதுல என்ன கஷ்டம்? ஸ்கேல் இருந்தா நானே இழுத்திருப்பேன்," என்று சிரித்தார். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த வருஷமே வாடகை கொடுக்க வழியில்லாமல் ஆபீஸை மூடிவிட்டு, இன்னொருவரிடம் கைகட்டி வேலைக்குப் போனாள். இருக்கட்டும், என் கையில் சிக்காமலா போவீர்கள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

சிக்கினார். அவளுக்கு மறுபடி சொந்த ஆபீஸ் வந்திருந்தது. அத்தானுக்குக் கை கொள்ளாத பணமும் பங்களா ஆசையும் வந்திருந்தன. ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, இந்தத் தடவ எவ்வளவு கறக்கப் போற?"

"சதுரமான வீடுன்னா பீஸ் கம்மி அத்தான். அதுவே போதும்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, பாவம். வளைவு, மடிப்பு, ரூமுக்கு ரூம் ஒரு உயரம்னு போனா ஜாஸ்தி. பெரிய மனுஷங்க அதத்தான் கேக்கறாங்க."

அத்தான் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "இருக்கறதுலயே சிக்கலானதப் போடு."

அடப்பாவமே, மனுஷன் தானாக வந்து தலையைக் கொடுக்கிறாரே!

படித்த படிப்பையெல்லாம் பழிவாங்கலில் இறக்கினாள். எந்தச் சுவரும் இன்னொரு சுவரை நேராகச் சந்திக்கவில்லை. சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் படி இறங்க வேண்டும். அங்கிருந்து படுக்கையறைக்குப் படி ஏற வேண்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. அலமாரியை எங்கே வைத்தாலும் பின்னால் முக்கோணமாய் ஒரு சந்து, தூசி சேர்வதற்கென்றே. காலம் பூரா இதில் கிடந்து அவஸ்தைப்படட்டும்! கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூலை நேரா இருக்கானு பாக்கற மூலைமட்டத்த, இந்த வேலைக்கு வீட்லயே வச்சுட்டு வரலாம் போலிருக்கேம்மா."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருப்பதிலேயே உச்சமான சதவீதத்தை வாங்கினாள், ஒரு காசு குறைக்கவில்லை.

அவர்கள் குடிபோய்ச் சில மாதம் ஆனதும், அத்தான் படுகிற பாட்டைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று போனாள். அத்தான் நடுக்கூடத்தில் நாலு பேரை நிறுத்தி வைத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "ஒரு மூலையாவது நேரா இருக்கானு காட்டுங்க பாப்போம்! என் மச்சினி போட்டதுங்க!" அவளுக்கு வயிறு எரிந்தது. காலையில் கடைக்குப் போனால் தூங்குவதற்கு மட்டும் வீடு திரும்புகிற ஆளுக்கு எந்தப் படி உறுத்தும்?

அக்காள் டீத் தட்டோடு சமையலறைப் படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து, பக்கவாட்டாக இறங்கி வந்தாள். முழங்காலில் கட்டு.

"என்னக்கா இது?"

"ரெண்டு தடவ விழுந்துட்டேன்டி. அவர்கிட்ட சொல்லல, சொன்னா உன்னத்தான் ஏசுவாரு. இந்த வீட்டு வேலைய வேற ஆள்கிட்ட குடுக்கறேன்னுதான் முதல்ல நின்னாரு. சண்ட போட்டு உன்கிட்ட அனுப்புனதே நான்தான். அன்னிக்கு உன் ஆபீஸ மூடுனப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியலயே."

ஏழு வருஷம் கறுவியதற்கு அத்தான் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. சீ, நானெல்லாம் ஒரு தங்கச்சியா என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

அக்காள் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பின்பக்கம் எனக்கு ஒரு சின்ன ரூம் போட்டுக் குடுடி. படியே வேணாம், சுவரெல்லாம் நேரா இருந்தா போதும். உன் பீஸ் என்னனு சொல்லு, அவருக்குத் தெரியாம சிறுகச் சிறுகக் குடுத்துடறேன்."