அத்தைக்கு அம்மா போட்ட ஜாமீன்

எங்கள் குடும்பத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன முதல் ஆள் என் அத்தை. அதற்குப் பிறகு இன்றுவரை வேறு யாரையும் பிடிக்கவில்லை. அந்த அளவுக்கு நெஞ்சுரம் உள்ளவர்கள் எங்களில் அப்புறம் பிறக்கவில்லை என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

அவள் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். ராஜபாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாயின் கடைமடையில் அவளுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. தனியாளாகப் பயிர் செய்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் காதுகுத்துக்கு அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர்த்தட்டுகளைப் பார்த்து, “இம்புட்டுத்தானா?” என்று அத்தை கேட்டுவிட்டாளாம். அன்றோடு நின்ற பேச்சு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருவரும் ஜாடையில்தான் பேசிக்கொண்டார்கள். அம்மா இந்தப் பக்கம் கோழியைத் திட்டுவாள். அத்தை அந்தப் பக்கம் ஆட்டைத் திட்டிப் பதில் சொல்வாள். கோழியும் ஆடும் கைக்கு அகப்படாத சமயத்தில் நான் அகப்படுவேன்.

அது யுத்த காலம். அப்பா பட்டாளத்தில் இருந்தார். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, கண்மாயில் பாதித் தண்ணீர்தான். வியாழக்கிழமை காலைத் தண்ணீர் அத்தையின் முறை. அவள் மாமனார் காலத்திலிருந்து வருகிற முறை. பண்ணையார் தன் வயலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று அந்த வாரம் மடையைப் பலகை வைத்து அடைத்துவிட்டார். அத்தையின் நாற்று வாடிக்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் போய் முறையிடவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைப் பெயர்த்தாள். வயல் நனைந்து முடிவதற்குள் கான்ஸ்டபிள் வந்துவிட்டார்.

ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நிலம் உள்ள யாராவது ஜாமீன் போட்டால் விட்டுவிடுவார்கள் என்று தலையாரி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நிலம் உள்ளவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். எல்லோரும் பண்ணையார் தயவில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். ஒவ்வொருவராக வீட்டுக்குள் நுழைந்தார்கள். அம்மா வாசலில் நின்று கோழியிடம், “ஆம்பளைக எல்லாரும் பத்திரமா உள்ள போயாச்சா?” என்று உரக்கக் கேட்டாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முகமெல்லாம் புகை. கோர்ட்டுப் பக்கம் இறங்கியதுமே ஒரு தரகன் எங்களைப் பிடித்து, பெரிய வக்கீல் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அம்மா சொன்னதையெல்லாம் அவர் கண்ணை மூடிக் கேட்டார். பண்ணையார் பெயர் வந்ததும் கண்ணைத் திறந்தார். பண்ணையார் அவருக்கு ரொம்ப நாளைய கட்சிக்காரராம். தண்ணீர் முறையை விட்டுக்கொடுப்பதாக அத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் வெளியே கொண்டுவந்துவிடலாம், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்றார்.

“எங்க மதினிக்கு எழுதத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தாள். அத்தைக்கு நன்றாக எழுதத் தெரியும். அது போகட்டும், அம்மாவின் வாயிலிருந்து ‘மதினி’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

வெயிலில் விசாரித்து விசாரித்து நடந்தோம். மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொரு வக்கீல் கிடைத்தார். மீசை இப்போதுதான் முளைத்த முகம். கட்சிக்காரர்கள் உட்காராததால் நாற்காலியெல்லாம் பளபளவென்று இருந்தது. அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தக் குத்தத்துக்கு ஜாமீன் கேட்டா ஸ்டேஷன்லயே குடுத்தாகணும்மா. அது உங்க உரிமை, அவங்க தயவு இல்ல. அங்க போய்க் கெஞ்சுறதா இருந்தா நான் வரமாட்டேன்.”

“எனக்குக் கெஞ்சத் தெரியாது” என்றாள் அம்மா.

ஜாமீன் என்றால் கேஸ் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை என்று அவர் விளக்கினார். கூப்பிடுகிற நாளிலெல்லாம் அத்தை கோர்ட்டுக்கு வர வேண்டும். வருவாள் என்பதற்கு ஜாமீன் போடுகிறவர் பொறுப்பு. அவள் ஓடிப்போனால் அவருடைய சொத்தில் கைவைப்பார்கள். யார் போடப்போகிறார்கள் என்று கேட்டார். அம்மா பையிலிருந்து பட்டாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த மஞ்சக்காணி நிலத்தின் பட்டா அது. நாளைக்கு உனக்குத்தான் என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் பட்டாவின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன்.

வக்கீலையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் திரும்பினோம். ஸ்டேஷன் வராந்தாவில் அத்தை காலில் சேறு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் பட்டாவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பொம்பளை ஜாமீன் எல்லாம் செல்லாது, வீட்டு ஆம்பளை எங்கே என்று கேட்டார்.

“பட்டாளத்துல. உங்க சர்க்காருக்காகத்தான் சண்டை போடுதாவ. வேணும்னா நீங்களே காயிதம் போட்டு வரச்சொல்லுங்க.”

வக்கீல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சட்டத்தை உரக்க வாசித்தார்.  சப்-இன்ஸ்பெக்டர் கைகாட்டியும் நிறுத்தவில்லை. அதற்குள் அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஏட்டி, உங்கம்மாகிட்ட சொல்லு. அவ பொறந்த வீட்டு நெலத்த வச்சு யாரும் என்னைய மீட்க வேண்டாம். நான் இங்ஙனயே கெடக்கேன்.”

அம்மாவும் என்னைப் பார்த்தே பேசினாள். “அவியகிட்ட சொல்லு. காலையில இருந்து ஆடு கத்துது, எனக்குக் காது போச்சு. வாய மூடிக்கிட்டு வந்து அதுக்குக் கொழைய ஒடிச்சுப் போடச் சொல்லு.”

 சப்-இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “பேச்சுவார்த்தையே இல்லாதவளுக்கா ஜாமீன் போடுற? அவ ஓடிப்போயிட்டா?”

“எங்க மதினியா? ஓடுற ஆளா இருந்தா நான் எப்பவோ நிம்மதியா இருந்திருப்பேனே!”

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் ஜாமீன் பத்திரத்தை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா தன் பெயரை எழுத்தெழுத்தாக, கொட்டை கொட்டையாக எழுதினாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். நான் நடுவில் வந்தேன், அவர்கள் ஆளுக்கொரு பக்கம். அத்தை ஜெயித்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். வக்கீல் அவ்வளவு பாடுபட்டு விளக்கியது என் மண்டையில் ஏறவே இல்லை.

கேஸ் முடிகிறவரை மடைப் பக்கமே போக வேண்டாம், போனால் மறுபடியும் பிடிப்பார்கள் என்று வக்கீல் இருவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த வியாழக்கிழமை விடிந்ததும் அத்தை மடைக்குக் கிளம்பினாள். அம்மா கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். நானும் ஓடினேன். மடையில் மறுபடியும் வைத்திருந்த பலகையை அத்தை தூக்கினாள். அம்மா பத்தடி தள்ளிக் கரைமேல் இடுப்பில் கைவைத்து நின்றாள். பண்ணையாட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் கடைசி வரப்பைத் தொடுகிறவரை அம்மா நின்றாள். அப்போதும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கேஸ் தள்ளுபடியாகிறவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதுதான் நடந்தது. அத்தை எங்கேயாவது ஓடிப்போய் எங்கள் நிலம் பறிபோய்விடக் கூடாதே என்றுதான் அம்மா அங்கே போய்க் காவல் நிற்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.