காமாலை என்று எழுதிய மனு

வக்கீல் குமாஸ்தா வேலையில் என் தலைமுடி நரைத்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு கேஸைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

1. தீர்ப்பு வந்தது தெரியாமல் வந்தவர்

சிவனம்மா, மூணாறுக்கு மேலே கேரள மலையில் இருக்கும் வட்டவடைக்காரர். புருஷன் இல்லை. அரை ஏக்கரில் பூண்டும் பீன்ஸும் போட்டுப் பிழைத்தார். அந்த நிலம் தன் பத்திரத்தில் சேர்ந்தது என்று ரிசார்ட் கட்ட வந்த ஒருவர் மேலே மலையில் உள்ள முன்சிஃப் கோர்ட்டில் கேஸ் போட்டார். சிவனம்மாவும் அங்கேயே ஒரு வக்கீல் வைத்து நடத்தினார். கேஸ் தோற்றுப்போனது. அது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் ஜேசிபி வந்து வரப்போரம் நின்றது. "எதுக்குய்யா வந்திருக்க?" என்று கேட்டபோது டிரைவர்தான் சொல்லியிருக்கிறார், கேஸ் முடிந்து பல மாதம் ஆகிறது என்று. மறுநாளே ஜீப் பிடித்து மூணாறு வந்து, அங்கிருந்து பஸ் மாறிக் கீழே எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்.

அப்பீலுக்கு ஒரு மாதம்தான் கெடு. அது தாண்டிவிட்டால் முதலில் டிலே பெட்டிஷன் போட வேண்டும். ஏன் தாமதம் என்று அஃபிடவிட்டில் காரணம் சொல்லி, அதை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டால்தான் அப்பீலையே கையில் எடுப்பார்.

கேஸில் சத்து இருந்தது. நிலத்தை அளக்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் தப்பான எல்லைக் கல்லில் இருந்து அளந்திருந்தார். எங்கள் சீனியர் ரெக்கார்டைப் படித்துவிட்டு, "இது அப்பீல்ல நிக்கும்" என்றார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"மேல கேஸு நடத்துன வக்கீலு சொல்லவே இல்லையே ஐயா. மூணு தடவ ஆபீசுக்குப் போனேன். கேஸு நடக்குது, போயிட்டு வான்னாக."

சீனியர் பேனாவை மூடினார். "அவன் நம்ம பார் அசோசியேஷன்ல உள்ள ஆளு. அவன் மேல எழுத முடியாது." என் பக்கம் திரும்பி, "காமாலைன்னு போடு" என்றார்.

எழுதிய அஃபிடவிட்டுகளை எல்லாம் நம்பினால் இந்த மலையில் பாதிப் பேருக்குக் காமாலை வந்து போயிருக்கிறது. அதுவும் அப்பீல் கெடு முடிகிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது. சர்டிஃபிகேட் எழுதித் தர ஒரு வைத்தியரும் இருந்தார்.

சிவனம்மா விடவில்லை. "எனக்குக் காமாலையே வந்தது இல்லையே ஐயா."

"உனக்கு வந்துச்சுன்னு யாரு சொன்னா? பேப்பர்லதான் வருது" என்றார் சீனியர்.

"வக்கீலு சொல்லலேன்னு எழுதுனா என்ன? அதானே நெசம்?"

"நெசத்த வச்சுக்கிட்டு நீயே வாதாடு. நான் எந்திரிச்சுப் போறேன்."

அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டார். டைப் செய்தது நான்.

2. கூண்டில்

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்கவில்லை. மனுதாரரை விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு வாய்தா தள்ளிப்போய் மூன்றாவது தேதியில் சிவனம்மா கூண்டில் ஏறினார்.

"காமாலையில எங்க படுத்திருந்தீங்க?"

"வீட்டுல."

"எந்திரிக்கவே முடியாதோ?"

"ம்."

"அந்த மாசம் பூண்டு எடுப்பு நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"யாரு எடுத்தா?"

"நான்தான். பெறகு வானத்துல இருந்தா ஆள் வரும்?"

கோர்ட்டே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் மனு செத்துவிட்டது.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. அப்போது நோய் இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். பெஞ்ச் கிளார்க் அதைத் தமிழில் சொன்னார்.

"இல்ல சாமி. தீர்ப்பு வந்ததையே எனக்கு யாரும் சொல்லல. கேக்கப் போனேன், வெரட்டி விட்டாக."

"இதை ஏன் மனுவில் எழுதவில்லை?"

சிவனம்மா எங்கள் சீனியரைப் பார்த்தார். சீனியர் ஃபைலைப் பார்த்தார்.

"எனக்கு எழுதத் தெரியாது சாமி. எழுதுறவுக எழுதுனாக."

சீனியர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆர்க்யுமென்ட்டுக்கு டைம் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மனு தள்ளுபடி. பொய் அஃபிடவிட்டோடு வந்தவருக்குச் சலுகை கிடையாது என்று ஆர்டரில் இருந்தது. மனு தள்ளுபடியானதால் அப்பீலும் போனது. அந்த நிலம் யாருடையது என்று அந்தக் கோர்ட் கடைசிவரை பார்க்கவே இல்லை. கல் தப்பு என்பதை ஒருத்தரும் படிக்கவில்லை. உண்மையான காரணம் கூண்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. மனுவில் இல்லாததால் அதற்கு மதிப்பில்லை.

வெளியே வந்ததும் சீனியர், "எர்ணாகுளத்துல ஹைகோர்ட்ல போய்ப் பார்க்கலாம்" என்றார்.

"அங்க போயி எந்தச் சீக்கு சொல்லணும் ஐயா?" என்று கேட்டுவிட்டு சிவனம்மா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸுக்கு வரவில்லை.

3. ஒப்படைப்பு

நிலத்தை ரிசார்ட்காரரிடம் ஒப்படைக்கக் கோர்ட் ஆமீன் போலீஸோடு போன அன்று நானும் போனேன். பூண்டு அரை வளர்த்திதான். இன்னும் ஒரு மாதம் நின்றால் விளைந்துவிடும். அந்த ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ரிசார்ட்காரரின் மேனேஜர், "கோர்ட் ஆர்டர்ல பூண்டைப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்றார்.

சிவனம்மா யாரிடமும் கெஞ்சவில்லை. குனிந்து பிடுங்க ஆரம்பித்தார். பக்கத்து நிலத்துப் பெண்களும் இறங்கினார்கள். உள்ளே பல் பிரியாத பச்சைப் பூண்டு, சந்தையில் ஒருத்தரும் வாங்க மாட்டார். இருந்தும் ஒரு செடி விடாமல் பிடுங்கினார்கள். ஆமீன் நல்ல மனுஷன். மதியம் வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து, "அம்மா, நேரமாச்சு" என்றார்.

தீர்ப்பைச் சொல்லாமல் விட்ட அந்த மலை வக்கீலும் எங்கள் சீனியரும் இன்றைக்கும் ஒரே கேன்டீனில் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். நான் அந்த ஆபீஸை விட்டு வந்துவிட்டேன்.

குமாஸ்தாவாக வருகிறவர்களே, கட்சிக்காரர் லேட்டானதற்கு என்ன காரணம் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள். தூங்கிவிட்டேன் என்றால் தூங்கினார் என்று எழுதுங்கள். வக்கீல் சொல்லவில்லை என்றால் வக்கீல் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஜட்ஜ் ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் கூண்டில் ஏறினால் கட்சிக்காரர் தன் வாயால் தன் மனுவைக் கொல்ல வேண்டியிருக்காது. பெயர் எழுதப்பட்ட வக்கீல் உங்களோடு பேச மாட்டார். பேசாமல் போகட்டும். அதனால் யாருடைய நிலமும் போகாது.